வெயிலை வீணாக்கக் கூடாது

என் பீரோவில் புடவைகளுக்கு அடியில், கிளிப் போட்டுக் கோத்த தினசரிக் காலண்டர் தாள்கள் 58 இருக்கின்றன. முன்பக்கம் 2020ஆம் ஆண்டின் மார்ச், ஏப்ரல், மே மாதத் தேதிகள். நல்ல நேரம், ராகு காலம், ராசிபலன். பின்பக்கம் பென்சிலில் என் கையெழுத்து. முதல் தாளில் இப்படி இருக்கிறது: ‘மார்ச் 27, வெள்ளி. வெண்டை 6 விதை, பெயின்ட் வாளி 2. முளைக்கீரை, தெர்மாகோல் பெட்டி. தண்ணீர் தெளிக்கணும், ஊத்தக் கூடாது.’

கடைசி வரி அத்தை சொன்னது. பின்னால் வரும் தாள்களிலும் பாதிக்கு மேல் அவர் சொன்னதுதான். நோட்டு வாங்கக் கடை இல்லாததால் காலண்டர் தாளில் எழுதத் தொடங்கினேன். இன்று நகைக்கு அடுத்தபடி நான் பத்திரப்படுத்தி வைத்திருப்பது அந்தத் தாள்களைத்தான்.

எங்கள் வீடு மதுரை செல்லூரில் இருக்கிறது. வைகையின் வடகரை. மேலே ஒரு மொட்டைமாடி, அதில் தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, பத்து வருடமாக இலை மட்டும் விட்டுக்கொண்டிருந்த ஒரு குண்டுமல்லித் தொட்டி, ஒரு செம்பருத்தி. நான் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் திரும்புவேன். என் கணவர் பேருந்து நடத்துநர். அப்போதெல்லாம் மாடிக்கு ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடப் போவதோடு சரி. அங்கே எந்த நேரத்தில் எந்த மூலையில் வெயில் விழும் என்றுகூட எனக்குத் தெரியாது.

அத்தை, என் மாமியார், திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இருப்பவர். அப்போது 74 வயது. கண்புரை ஆபரேஷனுக்காக மார்ச் இரண்டாம் வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். பதினைந்து நாள் இருந்துவிட்டு ஊருக்குப் போவதாக ஏற்பாடு. மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை வந்தது; பேருந்து நின்றது. மறுநாள் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு. அதே 25ஆம் தேதி அதிகாலை, தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் எங்கள் மதுரையிலேயே நிகழ்ந்தது. அன்று தெருவில் ஒரு சத்தமும் இல்லை. நாங்கள் நான்கு பேரும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோம். அத்தை மட்டும் எழுந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு மாடிப்படி ஏறினார். பதறிப்போய்ப் பின்னால் ஓடினேன்.

மாடியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது: “இம்புட்டு வெயிலு சும்மா கொட்டிக் கிடக்கே தாயி. வெயிலப் போய் வீணாக்குவாங்களா?”

வேனில் ஒரு வேலைக்காலம்

சித்திரை, வைகாசி இரண்டும் இளவேனில் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். இலக்கியத்தில் அது தென்றலும் மாம்பூவும் குயிலும். நடைமுறையில் நம் ஊரில் அது மின்விசிறியைக் கூட்டி வைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தும் காலம். வெயிலைத் தப்பித்துக் கடக்க வேண்டிய ஒன்றாகத்தான் நான் நினைத்திருந்தேன். அத்தைக்கு அது சரக்கு. பங்குனி பிறந்தால் புளியை உடைத்துக் கொட்டை எடுக்க வேண்டும், மிளகாய் காயவைக்க வேண்டும், வத்தல் போட வேண்டும், வேப்பம்பூ சேர்க்க வேண்டும், அடுத்த விதைப்புக்கு விதையை உலர்த்திப் பானையில் கட்ட வேண்டும். மழைக்காலத்தில் சாப்பிடப் போவதையெல்லாம் வேனிலில்தான் வீடு சேர்த்து வைக்கும்.

ஊரடங்கு நம்மை வீட்டுக்குள் அடைத்தது சரியாக இந்தக் காலத்தில்தான். 2020 மார்ச் கடைசியில் தொடங்கி மே கடைசி வரை: பங்குனி, சித்திரை, வைகாசி. வீட்டு வேலைகள் மிக அதிகமாக இருக்கும் மூன்று மாதங்கள். அந்த வேலைகளை எல்லாம் நாம் எப்போதோ கடைக்குக் கொடுத்துவிட்டோம். கடை மூடியதும் அவை வீட்டுக்குத் திரும்பி வந்தன. எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவற்றை அறிந்த ஒருவர் உடன் இருந்தார். அது எங்கள் பாக்கியம்.

அவர் வெயிலில் நிற்கக் கூடாது, தூசி படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் மாடிப்படிக் கூண்டின் நிழலில் ஒரு நாற்காலி. அங்கிருந்து அவர் சொல்வார், நான் செய்வேன், பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக் காத்திருந்த என் மகன் தண்ணீர் தூக்குவான்.

ஆறு விதை, ஒரு கைப்பிடிக் கீரை

எங்கே போனாலும் எதையாவது விதையை முடிந்துகொண்டு போவது அத்தையின் பழக்கம். சுருக்குப்பையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் ஒரு துணி முடிச்சு. அதில் வெண்டை, முளைக்கீரை. மற்ற விதைகளைச் சமையலறையிலேயே எடுத்தோம். வெந்தயம் அப்படியே விதைக்கலாம். கொத்தமல்லியை உள்ளங்கையால் தேய்த்து இரண்டாக உடைத்துத்தான் விதைக்க வேண்டும். ஒரு மல்லிக்குள் இரண்டு விதை இருக்கிறது. எங்கள் மல்லி முளைத்தது, ஆனால் தழைக்கவில்லை. அது குளிருக்கான பயிர், சித்திரை வெயில் அதற்கு ஆகாது. புதினாவைக் கடையில் வாங்கிய கட்டிலிருந்தே தண்டு எடுத்து நட்டோம். அது பிடித்துக்கொண்டது.

மண்ணுக்கு அலைய முடியாது. வீட்டுக்குப் பின்னால் இருந்த செம்மண், பழைய தொட்டி மண், பக்கத்துத் தெரு மாட்டுக்காரர் கொடுத்த நன்றாக மக்கிய சாணம். புதுச் சாணம் சூடு, வேரை அவித்துவிடும் என்றார் அத்தை. மக்கியதற்கு அடையாளமும் சொன்னார்: கையில் எடுத்தால் உதிர வேண்டும், முகர்ந்தால் மண்வாசனை வர வேண்டும்.

வெண்டை விதையை இரவு ஊறவைத்துக் காலையில் ஊன்றினோம். கீரை விதையைக் கொஞ்சம் மணலோடு கலந்து தூவினோம். கடுகைவிடச் சின்ன விதை. மணல் சேர்க்காவிட்டால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். நான்காம் நாள் தெர்மாகோல் பெட்டியில் பச்சை தெரிந்தது.

மாடித்தோட்டத்துக்கு வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. தளம் நெருப்பாகக் காய்ந்து, கீழிருந்தும் வேரைச் சுடும். அதற்கு ஒவ்வொரு வாளியையும் இரண்டு செங்கல் மேல் ஏற்றினோம். நடுவில் காற்று போகும், தண்ணீரும் வடியும். மேற்கு வெயில்தான் கொடியது. கொடியில் அத்தையின் பழைய நூல்புடவையைக் கட்டி அந்தப் பக்கம் மறைத்தோம். மண்ணின் மேல் காய்ந்த வேப்பிலையை இரண்டு விரல் உயரத்துக்கு மூடாக்காகப் பரப்பினோம். மூடாக்குப் போட்ட வாளியில் மாலைவரை ஈரம் நின்றது, போடாத வாளி மதியத்திலேயே பாளம் பாளமாக வெடித்தது. தண்ணீர் காலை ஏழுக்கு முன்னால், மாலை ஐந்துக்குப் பிறகு. ஊற்றும் முன் விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் ஊற்றத் தேவையில்லை. செடி வெயிலால் சாவதைவிட நம் பயத்தால் அழுகிச் சாவதுதான் அதிகம் என்று ஒரு தாளில் எழுதியிருக்கிறேன். அதுவும் அத்தை சொன்னதே.

வேட்டியில் வத்தல்

ஏப்ரலில் ரேஷன் கடையில் அரிசி அட்டைக்கு 1000 ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் கொடுத்தார்கள். அந்த மாதம் என் சம்பளம் பாதிதான் வந்தது. அந்த அரிசியில் இரண்டு படியை அத்தை வத்தலுக்கு ஒதுக்கினார்.

அரிசியை ஊறவைத்து அரைத்து ஓர் இரவு புளிக்க விட வேண்டும். விடிவதற்கு முன்பே அடுப்பில் கூழ். கரண்டி ஓயாமல் கிண்ட வேண்டும். நிறுத்தினால் கட்டி தட்டும். மாவு வெந்ததற்குப் பதம், கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது. பச்சைமிளகாய் அரைத்த விழுது, சீரகம், இறக்கியதும் எலுமிச்சைச் சாறு. உப்பு மட்டும் நாக்குக்குக் குறைவாகப் படும்படி போட வேண்டும். காயும்போது தண்ணீர் போய்விடும், உப்பு அப்படியே நிற்கும், பொரித்தால் கரிக்கும். என் முதல் கூழில் இதை நம்பாமல் சரியாக உப்புப் போட்டேன். அந்த வத்தல் முழுவதும் மோர்ச்சோற்றுக்கு மட்டும்தான் ஆனது.

வேட்டியை நனைத்துப் பிழிந்து தளத்தில் விரித்துக் கரண்டி கரண்டியாக ஊற்றினோம். மாலையில் துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வத்தல் தானாகக் கழன்று வரும். பிறகு இன்னும் இரண்டு நாள் வெயில். காக்கைக்கு ஒரு கறுப்புக் குடையை விரித்து நடுவில் வைத்தோம். என் கணவர் 23 வருட வேலையில் முதல்முறையாக ஏப்ரல் மாதம் முழுக்க வீட்டில் இருந்தார். முதல் வாரம் தூக்கம் வராமல் நான்கு மணிக்கே எழுந்து உட்கார்ந்திருந்தவர், வத்தல் காவலுக்கு உட்கார்ந்த பிறகுதான் முகம் தெளிந்தார்.

பக்கத்து வீட்டு வேப்பமரக் கிளை எங்கள் மாடிக்கு மேல் சாய்ந்திருக்கிறது. பூ உதிர்வதைப் பத்து வருடமும் விளக்குமாற்றால் கூட்டித் தள்ளியிருக்கிறேன். அந்த வருடம் கீழே துணி விரித்தோம். காலையில் எடுத்துப் புடைத்துக் காம்பு நீக்கி உலர்த்தினோம். ஏப்ரல் 14, சித்திரை ஒன்று. சார்வரி ஆண்டுப் பிறப்புக்கு வேப்பம்பூப் பச்சடி வைக்க எங்கள் வீட்டுப் பூவே இருந்தது. ஊரடங்கை மே 3 வரை நீட்டித்த செய்தியும் அன்று காலைதான் வந்தது. வெல்லமும் கசப்பும் சேர்ந்த அந்தப் பச்சடியை நாக்கில் வைத்துக்கொண்டே செய்தியைக் கேட்டோம்.

நூலாம்படையைக் கலைக்காதே

ஏப்ரல் 9ஆம் தேதித் தாளில் ஒரே ஒரு வரி: ‘கேபிள் ஒயர்ல சிட்டு.’

மாடிப்படிக் கூண்டில் பயன்படாத கேபிள் ஒயர் ஒன்று ஒரு முழம் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் தேன்சிட்டு கூடு கட்டத் தொடங்கியது. கட்டுவது பெண் குருவி மட்டும். அலகில் எதையோ கொண்டுவந்து ஒயரைச் சுற்றிச் சுற்றி வரும். என்னவென்று உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சுவர் மூலையில் இருந்த நூலாம்படை. சிலந்தி இழைதான் அதற்குப் பசையும் நூலும். அதன்மேல் நார், சருகுத் துணுக்கு, மரப்பட்டைத் தூள் என்று ஒட்டிக்கொண்டே போகிறது. ஐந்தாறு நாளில் ஒரு நீண்ட பை மாதிரி ஆனது. பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேல் ஒரு சின்னத் தாழ்வாரம், கீழே குப்பை தொங்குவதுபோல ஒரு வால். தூரத்திலிருந்து பார்த்தால் ஒட்டடை என்றே தோன்றும். காக்கையும் அப்படித்தான் நினைக்க வேண்டும் என்பதற்காகவே அந்த வேஷம் என்றார் அத்தை.

அன்றிலிருந்து மாடியில் ஒட்டடைக்கு விளக்குமாறு போகவில்லை. கொடியை எதிர்ப்பக்கம் மாற்றினோம். இரண்டு வாரத்துக்குமேல் பெண் குருவி அடைகாத்தது. உள்ளே உட்கார்ந்து, வாசலில் அலகை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். குஞ்சு பொரித்த பிறகு தேனைவிடச் சிலந்தியையும் சிறு பூச்சியையும்தான் அதிகம் கொண்டுவந்தது. அந்தச் சமயம் பார்த்துச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தது. அதை முதலில் கண்டது, ஒரு மாதத்துக்கு முன் கண்ணில் கத்தி பட்ட அத்தை. இலைக்கடியில் வெள்ளை தெரியும் முன்பே தண்டில் எறும்பு ஏறுவதைப் பார்த்துச் சொல்லிவிட்டார். மாவுப்பூச்சி கக்கும் இனிப்புக்காக எறும்பு அதை வளர்க்கும். எறும்பு வரிசை தெரிந்தால் பூச்சி வந்தாயிற்று என்று அர்த்தம். லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், கரைய ஒரு துளி சோப்பு. மாலையில் தெளிப்பது வழக்கமான வழி. குஞ்சு இருந்ததால் நாங்கள் தெளிக்கவில்லை. சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து இலை இலையாகத் துடைத்தோம். என் மகன் மூன்று நாள் துடைத்தான். தேர்வு நடக்குமா நடக்காதா என்று தெரியாமல் தவித்த பிள்ளை அந்த மூன்று நாளும் அமைதியாக இருந்தான்.

நாரும் பூவும்

ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு. மளிகைக் கடையும் இல்லை. 25ஆம் தேதி கடைவீதியில் கூட்டம் நெரிந்தது, நாங்கள் போகவில்லை. அந்த நான்கு நாளில் மாடி கொடுத்தது: இரண்டு முறை முளைக்கீரை, ஒரு முறை வெந்தயக்கீரை, புதினாத் துவையல், வத்தல். பெருமைக்காகச் சொல்லவில்லை. மாடி எங்களுக்குச் சோறு போடவில்லை. அரிசியும் பருப்பும் வெளியிலிருந்து வந்தவைதான். ஆனால் 24 நாள் தண்ணீர் தூக்கி வளர்த்த கீரை வெந்து ஒரு கிண்ணத்துக்குள் அடங்கியபோது, பத்து ரூபாய்க் கட்டுக்கு நான் பேரம் பேசிய காலைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. அதன்பின் கீரைக்காரரிடம் நான் பேரம் பேசியதில்லை.

முழு ஊரடங்கு முடிந்த மறுநாள், 30ஆம் தேதி, பூக்காரம்மா வந்தார். பதினாறு வருடமாக மாலை ஐந்து மணிக்கு எங்கள் தெருவில் அவர் குரல் கேட்கும். அன்று கூடையில் பூ இல்லை. எலுமிச்சம்பழமும் தைத்த முகக்கவசமும் இருந்தன. பங்குனியிலிருந்து ஆனி வரை மல்லிக்குப் பருவம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு விளைச்சல் கூடுகிற அந்த மாதங்களில்தான் பூச்சந்தையும் கோயிலும் கல்யாண மண்டபமும் ஒன்றாக மூடிக் கிடந்தன. அத்தையின் ஊரில் மல்லித் தோட்டம் வைத்திருக்கும் உறவினர்கள் போனில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள்: பறித்தால் கூலிக்கே கட்டாது, பறிக்காமல் விட்டால் செடி கெட்டுவிடும்.

எங்கள் மாடியிலோ மல்லி மொட்டு விட்டிருந்தது. மார்ச் கடைசியில் அத்தை சொன்னபடி நுனியைக் கிள்ளி, பழைய இலையை உருவி, மூன்று நாள் தண்ணீரைக் குறைத்து, பிறகு எருவும் தண்ணீரும் வைத்ததற்கு அது கொடுத்த பதில். முறையான கவாத்து கார்த்திகை, மார்கழியில் செய்ய வேண்டும் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பத்து வருடம் கத்திரி படாததால்தான் அது வெறும் இலையாக நின்றிருக்கிறது. அன்று ஒன்பது மொட்டு. எனக்குத் தொடுக்கத் தெரியாது. பூக்காரம்மா வாசலுக்கு வெளியே உட்கார்ந்தார், நான் மூன்று படி தள்ளி உள்ளே. வாழைநாரை நனைத்து எடுத்தார்.

“ரெண்டு இந்தப் பக்கம், ரெண்டு அந்தப் பக்கம், காம்பும் காம்பும் பாக்கணும் தாயி. நாரை விரல்ல சுத்தி இப்பிடி ஒரு சுருக்கு. இறுக்குனா காம்பு அந்துரும், விட்டா பூ உருவிக்கிட்டுப் போயிரும். நாரு நனைஞ்சே இருக்கணும்.”

அவர் விரல் போன வேகத்தை என் கண்ணால் பிடிக்க முடியவில்லை. மூன்று முறை மெதுவாகச் செய்து காட்டினார். ஒரு முழத்துக்கு எத்தனை மொட்டு, எத்தனை சுருக்கு என்று அன்றுதான் எண்ணிப் பார்த்தேன். வத்தலும் கீரையும் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார். முகக்கவசத்துக்குக் காசு வேண்டாம் என்றார். கொடுத்தேன்.

மே 4, மீனாட்சி திருக்கல்யாணம். பக்தர்கள் யாரும் இல்லாமல் பட்டர்கள் சிலர் மட்டும் நடத்த, நாங்கள் டி.வி.யில் பார்த்தோம். அந்த நேரத்தில் ஊர்ப் பெண்கள் எல்லாரும் கோயிலில் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வது வழக்கம். அந்த வருடம் வீட்டிலேயே மாற்றிக்கொண்டோம். அன்று விடிவதற்கு முன் மாடியில் பறித்த 23 மொட்டை நானே தொடுத்து மீனாட்சி படத்துக்குச் சாத்தினேன். ஒரு சாண்தான் வந்தது. அழகர் ஆற்றில் இறங்கவில்லை. எங்கள் தெருவே எதிர்சேவை பார்க்கக் கிளம்பும் அந்த இரவில் அத்தை மாடியில் நின்று வைகைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார்.

முதல் காய்

மே இரண்டாம் வாரம் தேன்சிட்டுக் குஞ்சுகள் இரண்டும் பறந்துபோயின. அதே வாரம் வெண்டை காய்த்தது. காலையில் மஞ்சளாக விரிந்த பூ மாலைக்குள் வாடிவிடும். ஆறாம் நாள் பறிக்கிற பிஞ்சு. நான் கத்தரிக்கோலோடு போனேன். அத்தை தடுத்தார்.

“மொதக் காயைப் பறிக்கக் கூடாது. நல்ல செடியாப் பாத்து ஒண்ண விதைக்கு விடு. நூலைக் கட்டி வை, மறந்து பறிச்சுருவ.”

தாலிக்கயிறு மாற்றியபோது மிச்சமிருந்த மஞ்சள் நூலை அந்தக் காம்பில் கட்டினேன். ஜூன் 1 முதல் பேருந்து ஓடத் தொடங்கியது. அந்த வாரமே அத்தை ஊருக்குப் போனார். மாதக் கடைசியில் மதுரையில் மறுபடியும் ஊரடங்கு வந்தபோது, மாடியில் அந்த ஒற்றைக் காய் பழுப்பாகி, நரம்பு நரம்பாக வெடித்து நின்றது. உள்ளே 41 விதை. நிழலில் உலர்த்திச் சாம்பல் புரட்டி வைத்தேன். ஆடிப் பட்டத்தில் 6 விதைத்து, மிச்சத்தை நான்கு வீட்டுக்குக் கொடுத்தேன்.

ஊரடங்கு எத்தனையோ வீடுகளைச் சிதைத்தது. வேலை போனவர்கள், நடந்தே ஊர் போனவர்கள், கடைசி முகம் பார்க்கக் கிடைக்காதவர்கள். அந்த நாட்களை நல்ல நாட்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த மூன்று மாத வெயிலை எங்கள் வீடு வீணாக்கவில்லை. அதற்குப் பிறகும் ஒரு வருடம்கூட வீணாக்கியதில்லை. பங்குனி பிறந்ததும் தாள்களை எடுத்துத் தேதி பார்க்கிறேன். கடை விட்டு வந்து இரவில் மாவு அரைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வத்தல் போடுகிறேன்.

அத்தை இப்போதும் ஊரில்தான் இருக்கிறார். சித்திரை பாதியில் போன் வரும். நலமா என்று கேட்பதற்கு முன்பே கேட்டுவிடுவார்: “நூலைக் கட்டிட்டியா?”

“கட்டிட்டேன் அத்தை.”